பிஎச் எண்ணை விடுங்கள், காரத்தன்மையைப் பிடியுங்கள்

கேள்வி, சுருக்கமாக: சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் 200 லிட்டர் பவளத் தொட்டி வைத்து எட்டு மாதம் ஆகிறது. காலையில் பிஎச் 7.8தான் காட்டுகிறது. கடையில் கொடுத்த பஃபர் தூளைப் போட்டால் 8.3 வரை ஏறுகிறது, மறுநாள் பழையபடி இறங்கிவிடுகிறது. கால்சியம் 430 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு). காரத்தன்மை ஒரு நாள் 7, இன்னொரு நாள் 11. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம். அப்படியும் அக்ரோபோரா என்னும் கிளைவிடும் கல்பவளத்தின் நுனிகள் வெளுத்துச் சதை உரிகிறது. நீண்ட சதைக் கைகளுள்ள டார்ச் பவளம் பாதிதான் விரிகிறது. என்ன தவறு செய்கிறேன்?

பதில்:

உங்களைப் பயமுறுத்துவது 7.8 என்ற எண். என்னைப் பயமுறுத்துவது, "ஒரு நாள் 7, இன்னொரு நாள் 11" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். உங்கள் அக்ரோபோராவை உரித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்த ஏற்ற இறக்கம். அதை உண்டாக்குவது, 7.8ஐச் சரிசெய்ய நீங்கள் போடும் தூள்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். காரத்தன்மை என்பது பிஎச் அல்ல. அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும் சரக்கு, பெரும்பாலும் பைகார்பனேட், நீரில் எவ்வளவு இருக்கிறது என்பதே அது. அதை அளக்கும் அலகு டிகேஎச். கல்பவளம் என்பது தொட்டிக்குள் இரவும் பகலும் வேலை செய்யும் கொத்தனார். கூடு கட்ட அது நீரிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுக்கிறது. இந்த இரண்டும் எப்போதும் ஒரே விகிதத்தில்தான் செலவாகும்: காரத்தன்மை 1 டிகேஎச் குறைந்தால் கால்சியம் ஏறக்குறைய 7 பிபிஎம் குறையும். இப்போது உங்கள் கையிருப்பைப் பாருங்கள். கால்சியம் 430 இருக்கிறது, 7 போனால் தெரியவே தெரியாது, சோதனைப் பெட்டியின் பிழையே அதைவிடப் பெரிது. காரத்தன்மையோ மொத்தமே 8 அல்லது 9. அதில் 1 போனால் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. வீடு கட்டும் இடத்தில் மணல் மலையாகக் குவிந்திருக்க, சிமெண்ட் மட்டும் நான்கு மூட்டை இருப்பதைப் போன்றது இது. மேஸ்திரி எண்ண வேண்டியது மூட்டையைத்தான். கால்சியத்தை மாதம் இரண்டு முறை பார்த்தால் போதும், காரத்தன்மையை முதல் சில வாரங்கள் தினமும் பார்க்க வேண்டும்.

பிஎச் ஏன் காலையில் 7.8? பகலில் பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்கின்றன, பிஎச் ஏறுகிறது. விளக்கு அணைந்ததும் எல்லா உயிரும் மூச்சு விடுவது மட்டுமே மிச்சம், பிஎச் இறங்குகிறது. இதற்கு மேல் உங்கள் வீட்டுக் காரணம் ஒன்று இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். இரவு முழுக்கக் குளிர்சாதனம் போட்டு, சன்னல்களை இறுக்கிச் சாத்தி, மூன்று நான்கு பேர் தூங்கும் வீடு. அந்த அறைக் காற்றில் கரியமில வாயு வெளியே இருப்பதைவிட மிக அதிகம். குமிழிகளால் அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவியான ஸ்கிம்மர் அந்தக் காற்றைத்தான் தொட்டி நீருக்குள் குமிழிகளாகத் தள்ளுகிறது.

சோதிப்பது எளிது. காலையில் ஒரு கோப்பைத் தொட்டி நீரை எடுத்து பிஎச் பாருங்கள். அதைப் பொது நடைபாதைக்குக் கொண்டுபோய், சின்னக் காற்று பம்ப் வைத்து ஒரு மணி நேரம் குமிழிவிட்டு மறுபடி பாருங்கள். 0.2 அல்லது அதற்கு மேல் ஏறியிருந்தால் குற்றவாளி அறைக் காற்று. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீட்டி சன்னலுக்கு வெளியே விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். எதுவுமே செய்யாவிட்டாலும் பரவாயில்லை. 7.8க்கும் 8.4க்கும் நடுவில் தினமும் ஊசலாடும் தொட்டிகளில் பவளங்கள் நன்றாகவே வளர்கின்றன.

பஃபர் தூள் என்பது பெரும்பாலும் கார்பனேட், பைகார்பனேட் கலவை. சில வகைகளில் போரேட்டும் சேர்ந்திருக்கும். போட்டதும் பிஎச் ஏறும், காரத்தன்மையும் ஏறும். அறைக் காற்றிலுள்ள கரியமில வாயு மறுநாளுக்குள் பிஎச்சைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். காரத்தன்மை மட்டும் ஏறிய இடத்திலேயே நிற்கும். நீங்கள் மறுபடி ஒரு கரண்டி போடுவீர்கள். இப்படித்தான் 11 வந்திருக்கிறது.

11 எப்படி மீண்டும் 7 ஆனது? எட்டு மாதத் தொட்டியிலுள்ள பவளங்கள் அவ்வளவு வேகமாக 4 டிகேஎச் தின்றிருக்க முடியாது. சுழல் பம்ப்பையும் ஹீட்டரையும் கழற்றிப் பாருங்கள். கெட்டிலின் அடியில் படிவதைப் போல வெள்ளையாக, சொரசொரப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பஃபரும் தொட்டியின் கால்சியமும் அங்கே கல்லாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரே இடத்தில் ஒரு கரண்டி தூளைக் கொட்டினால் அதுதான் நடக்கும். வினிகரில் நீர் கலந்து அதில் ஊறவைத்தால் பம்ப்பிலிருந்து கரைந்துவிடும். இந்தப் படிவைத் தடுத்து நிறுத்துவது நீரிலுள்ள மக்னீசியம். உருவாகும் படிகத்தின் மேல் அது ஒட்டிக்கொண்டு மேலும் வளரவிடாமல் செய்கிறது. கடலில் மக்னீசியம் 1290 பிபிஎம் அளவில் இருக்கும். உங்கள் பட்டியலில் மக்னீசியமே இல்லை. ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதைவிட மிகக் குறைவாக இருந்தால் மற்ற இரண்டையும் நிலைநிறுத்துவது கடினம்.

இனி, என்ன செய்வது.

முதலில் உப்பளவு. மற்ற எல்லா எண்களுக்கும் இதுதான் தாய் எண். கடல் நீர் 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு உப்பு. அதில் கால்சியம் சுமார் 410, காரத்தன்மை 6.5 முதல் 7 டிகேஎச். உப்பளவைக் காட்டும் உங்கள் ஒளிவிலகல் மானி பிழையாகக் காட்டி, தொட்டி உண்மையில் 31ல் ஓடிக்கொண்டிருந்தால், எந்தத் தவறும் செய்யாமலேயே கால்சியம் 365க்கு வந்து நிற்கும். நீங்கள் கால்சியம் பாட்டிலைத் தேடி ஓடுவீர்கள். பெரும்பாலோர் மானியைச் சுத்த நீரை வைத்துப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டுத் திருப்தியடைகிறார்கள். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் மானி 35ல் சரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 35 பிபிடி அளவுத் திரவம் ஒரு சிறு புட்டி வாங்கி, அதை வைத்துத் திருத்துங்கள்.

பஃபரை இன்றோடு நிறுத்துங்கள். இப்போது காரத்தன்மை எந்த எண்ணில் இருந்தாலும் அமிலம் ஊற்றி இறக்கப் பார்க்காதீர்கள். தானாக இறங்கட்டும். அடுத்து மூன்று இரவு, எதையும் சேர்க்காமல், நீரும் மாற்றாமல், ஒரே நேரத்தில் காரத்தன்மையை மட்டும் அளந்து எழுதுங்கள். ஒரே நேரம் என்பது முக்கியம். காலையில் ஒரு நாள், இரவில் ஒரு நாள் என்று அளந்தால் பவளம் தின்றதையும் உங்கள் சோம்பலையும் பிரித்தறிய முடியாது. 8.6, 8.1, 7.6 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். தினசரிச் செலவு 0.5.

200 லிட்டர் தொட்டியில் பாறையும் மணலும் இடத்தை அடைத்தது போக, நீர் 160 லிட்டர் என்று கொள்ளலாம். 100 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். உங்கள் 0.5க்கு 2.4 கிராம். சோடியம் பைகார்பனேட் என்பது நம் சமையலறை ஆப்ப சோடாவேதான். பேக்கிங் பவுடர் வேறு, அதில் மாவும் அமில உப்பும் கலந்திருக்கும், அது கூடவே கூடாது. உங்கள் வீட்டில் பிஎச் கீழேயே இருப்பதால், ஆப்ப சோடாவைத் தட்டில் பரப்பி 150 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் சுட்டு எடுங்கள். சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும், இது பிஎச்சையும் சற்று தூக்கிவிடும். 100 கிராம் போட்டால் 63 கிராம்தான் திரும்பும், அதனால் 2.4 கிராமுக்குப் பதில் 1.5 கிராம் போதும். ஒரு டம்ளர் சுத்த நீரில் கரைத்து, நீரோட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் மெல்ல ஊற்ற வேண்டும். கால்சியத்துக்கு, கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் தினம் 2 கிராம் அளவில். இரண்டையும் ஒரே டம்ளரில் கலந்தால் கண்முன்னே சுண்ணாம்பாகிவிடும். நடுவில் அரை மணி நேரமாவது விடுங்கள். இந்த இரண்டு கரைசல் முறைதான் ஹான்ஸ் வெர்னர் பாலிங் என்ற ஜெர்மானியரின் பெயரால் வழங்குகிறது. கடையில் அழகான புட்டிகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை இதே சரக்குதான்.

ஜெர்மானியர்கள் "கால்க்வாசர்" என்று ஒன்றைச் சொல்வார்கள். பீட்டர் வில்கன்ஸ் பரப்பிய முறை. பெயரைக் கேட்டதும் மிரள வேண்டாம், அது நம் சுண்ணாம்புத் தெளிநீர். கால்சியம் ஹைட்ராக்சைடை நீரில் கலக்கி, தெளியவைத்து, மேலே நிற்கும் நீரை மட்டும் ஆவியான நீருக்கு ஈடாக ஊற்றுவது. கால்சியமும் காரத்தன்மையும் சரியான விகிதத்திலேயே வரும், பிஎச்சும் ஏறும். உங்கள் பிரச்சினைக்கு மிகப் பொருத்தமான மருந்து என்றே சொல்வேன். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைக்க நினைக்காதீர்கள், அதில் வேறு என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அளவும் முக்கியம். முழுச் செறிவுள்ள தெளிநீர் 2 லிட்டர் உங்கள் தொட்டிக்குள் போனால் காரத்தன்மை 1.4 டிகேஎச் ஏறும். தினமும் 2 லிட்டர் ஆவியாகிறது, உங்கள் செலவு 0.5 என்றால், மூன்றில் ஒரு பங்குச் செறிவில்தான் தொடங்க வேண்டும்.

இதில் நான் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். தானியங்கி நீர் நிரப்பியில் தெளிநீரை வைத்திருந்தேன். ஒரு நத்தை மிதவையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மிதவை எழும்பவில்லை, பம்ப் நிற்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் தொட்டி மோர் போல வெளுத்திருக்கிறது. 12 லிட்டர் உள்ளே போயிருந்தது. பவளங்களில் பாதி பிழைத்தன, மீன்களில் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு தெளிநீர்க் கலனில் ஒரு நாள் தேவைக்கு மேல் நிரப்புவதே இல்லை. மிதவையும் இரண்டு வைத்திருக்கிறேன்.

அடுத்து உங்கள் பூஜ்யங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் என்று நீங்கள் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அது பட்டினி. பவளத்துக்கு உணவில் பெரும்பங்கைச் சமைத்துக் கொடுப்பவை அந்த நுண்பாசிகள். அவற்றுக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும், வயலில் நிற்கும் பயிருக்கு வேண்டுவது போலவே. பட்டினி கிடக்கும் தொட்டியில் காரத்தன்மை 11ஐத் தொட்டால் அக்ரோபோராவின் நுனி கருகுவதை நான் பலர் வீட்டில் பார்த்துவிட்டேன். கூடு வேகமாக வளர, மேலே போர்த்த வேண்டிய சதை பின்தங்கிவிடுகிறது என்பது பவளம் வளர்ப்போர் பொதுவாகச் சொல்லும் விளக்கம். பட்டினித் தொட்டிக்கு இன்னொரு தண்டனையும் உண்டு: டைனோஃபிளாஜலேட் என்னும் பழுப்புச் சளி. பகலில் குமிழிகளோடு இழையிழையாகத் தொங்கும், இரவில் மறையும், அந்த இடத்தை மேயும் நத்தைகள் சாகும். அது வந்துவிட்டால் மாதக்கணக்கில் உங்களை அழவைக்கும்.

பாஸ்பேட்டை உறிஞ்ச இரும்பு ஆக்சைடுத் துகள் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். எடுத்துவிடுங்கள். மீன்களுக்குத் தீனியைக் கூட்டுங்கள். நைட்ரேட் 5 பிபிஎம் பக்கமும் பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரையும் இருக்கட்டும். அளக்கும் கருவியின் அலகையும் கவனியுங்கள். ஹன்னா என்ற நிறுவனத்தின் குறைந்த அளவுக் கருவி ஒன்று பாஸ்பேட்டைக் காட்டாது, பாஸ்பரஸைத்தான் காட்டும், அதுவும் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அலகில். அதில் 10 என்று வந்தால் பாஸ்பேட் 0.03 பிபிஎம். 3ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க மறந்து, நல்ல தொட்டியைக் கெட்ட தொட்டி என்று நினைத்து மருந்து ஊற்றியவர்கள் இருக்கிறார்கள்.

நீர் மாற்றும்போது ஒரு சங்கதி. கடல் நீர் தயாரிக்க வாளியில் விற்கும் உப்புகள் எல்லாம் ஒன்றல்ல. ஒரே நிறுவனமே 8 டிகேஎச்சுக்கு ஒரு வாளி, 12க்கு ஒரு வாளி என்று விற்கிறது. 12 டிகேஎச் உப்பில் கலந்த நீரை 8ல் இருக்கும் தொட்டியில் 30 சதவீதம் மாற்றினால் ஒரே மணி நேரத்தில் 1.2 ஏற்றுகிறீர்கள். வாரம் 10 சதவீதம், தொட்டியை ஒட்டிய காரத்தன்மையுள்ள உப்பில், அது போதும். நம் பக்கத்திலுள்ள ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிர்ப்பாறையும் (நுண்ணுயிர்கள் குடியேறிய கடற்பாறை) காற்றுக் குமிழியும் சூரிய வெளிச்சமும் மட்டும் வைத்துப் பவளம் வளர்த்து, 1961ல் அதைப் பற்றி எழுதினார். ஒரு சோதனைப் பெட்டியும் இல்லை. அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கடல் இருந்தது, அந்த நீரே இழந்ததை ஈடுகட்டியது. மென்பவளம் மட்டும் வைத்திருப்பவர்கள் இன்றும் அப்படி நீர் மாற்றத்தை மட்டும் வைத்தே காலம் தள்ளலாம். கல்பவளம் பெருகிய தொட்டியில் முடியாது.

குழாய் நீர் பற்றி நீங்கள் எழுதவில்லை. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் நீரில் குளோரமின் இருக்கிறது. வாளியில் ஒரு நாள் வைத்தால் பறந்துபோகும் குளோரின் போன்றதில்லை இது. கரித்துண்டு வடிகட்டியில் உடையும்போது அம்மோனியாவை விட்டுப் போகும், அதை ஆர்ஓ (சவ்வு வடிகட்டி) நிலைக்கு அடுத்துள்ள, அயனிகளைப் பிடிக்கும் டிஐ பிசின்தான் பிடிக்கும். நீரில் கரைந்த உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் மானி பூஜ்யம் காட்டினாலும் குளோரமின் இருக்கலாம், அந்த மானிக்கு அது தெரியாது. கரி வடிகட்டியை நேரத்துக்கு மாற்றுங்கள், மொத்தக் குளோரின் சோதனைத் தாள் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பம்: இரவில் குளிர்சாதனத்தில் 25, பகலில் ஆளில்லாத வீட்டில் 30 என்று தொட்டி ஆடுகிறதா என்று பாருங்கள். கடலில் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நின்றாலே பவளங்கள் நுண்பாசிகளை வெளியே தள்ளி வெளிறிப்போகின்றன. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இருந்தால் 26ல் வையுங்கள். மின்விசிறி வைத்தும் இரண்டு மூன்று டிகிரி இறக்கலாம், ஆவியாவது கூடும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும், ஆகவே ஈடுசெய்வது எப்போதும் நன்னீரால்.

இப்போது நோயாளிகள். அக்ரோபோராவின் நுனி மட்டும் வெளுத்திருந்தால் விட்டுவிடுங்கள், எண்கள் நின்ற பிறகு தானே மூடிக்கொள்ளும். அடியிலிருந்து சதை உரிந்து மேலேறினால் காத்திருக்காதீர்கள். உரிந்த கோட்டுக்கு இரண்டு விரல் மேலே, நல்ல சதை இருக்கும் இடத்தில் வெட்டி, கிளையை வேறு இடத்தில் ஒட்டுங்கள். உண்மையைச் சொன்னால், ஒரு வருடம் ஆகாத தொட்டியில் அக்ரோபோரா வைத்ததே அவசரம். டார்ச் பவளத்துக்கு, முதலில் நீரோட்டத்தைப் பாருங்கள். கைகள் மெல்ல ஆட வேண்டும், ஒரே பக்கமாக வளைந்து நின்றால் பம்ப் நேராக அடிக்கிறது. சதையின் மேல் பழுப்பாகக் கூழ் போல ஏதாவது தெரிந்தால் அந்தத் தலையை அன்றைக்கே வெட்டி வெளியே எடுத்துவிடுங்கள், பக்கத்துத் தலைக்குப் பரவும்.

பாறையைக் கையாளும்போது ஒன்று. உங்களிடம் ஜோவாந்தஸ், பாலிதோவா என்னும், பாறையில் பொத்தான்போல் படரும் பவள உறவினங்கள் இருந்தால், அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். அவை ஒட்டியிருக்கும் பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கவைப்பதோ தூரிகையால் காய்ந்த நிலையில் தேய்ப்பதோ கூடவே கூடாது. 2018ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்தபோது இந்த நஞ்சு காற்றில் கலந்து ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போனது.

இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: அங்கே எல்லாக் கல்பவளங்களும் 2001 முதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுத்து வந்தாலும் குற்றம். அங்கே ஒருகாலத்தில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு எரித்தார்கள். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். அங்கிருப்பவர்கள் மீன் மட்டும் உள்ள கடல் தொட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உங்களுக்குத் திரும்பி வருகிறேன். மூன்று இரவுகளின் காரத்தன்மை, திருத்திய மானியில் உப்பளவு, மக்னீசியம், கோப்பைச் சோதனையின் இரண்டு பிஎச் எண்கள், பம்ப்பில் வெள்ளைப் படிவு இருந்ததா இல்லையா. இவற்றை எழுதி அனுப்பினால் தெளிநீரா, இரண்டு கரைசலா, தினம் எத்தனை கிராம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரை பஃபர் டப்பாவை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுங்கள்.